டியூடர் காலத்துச் சுத்தம்: ஒரு வாரம் செய்து பார்க்க முழு வழிகாட்டி

1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டது டியூடர் வம்சம். அந்தக் காலத்தில் ஓரளவு வசதியுள்ள வீட்டில் உடம்பையும் துணியையும் எப்படிச் சுத்தமாக வைத்திருந்தார்களோ, அதை இன்று ஒரு வாரம் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கான செய்முறை இது. டியூடர் வாழ்க்கையை நடித்துக் காட்டும் முகாம்களுக்குப் போகிறவர்கள், வகுப்பில் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்கள், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் உடம்பைச் சுத்தம் செய்வது தண்ணீர் இல்லை, ஆளிச்செடி நாரில் நெய்த லினன் துணி. தோலை ஒட்டிப் போடும் லினன் சட்டை வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கழற்றிச் சாம்பல் நீரில் (விறகுச் சாம்பலில் வடித்தெடுத்த கார நீர்) வெளுத்தால் அழுக்கு போய்விடும். வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்துவிடும், அதன் வழியே நோய் உள்ளே போகும் என்று அன்று நம்பினார்கள். 1485-க்கும் 1551-க்கும் இடையில் ஐந்து முறை வந்து போன வியர்வைக் காய்ச்சலும், அவ்வப்போது தலைகாட்டிய கொள்ளைநோயும் அந்தப் பயத்தை வளர்த்தன. விறகு செலவும் தண்ணீர் சுமக்கும் பாடும் வேறு. காரணம் இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

1. வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் திங்கட்கிழமை காலை குளிப்பதை நிறுத்துவார்கள். வியாழக்கிழமை மாற்றுச் சட்டை இருக்காது. அன்றைக்குத்தான் சாம்பலைத் தேடுவார்கள். சனிக்கிழமை பக்கத்தில் நிற்க முடியாது. அப்புறம் "டியூடர் காலத்தில் எல்லோரும் நாறிக்கொண்டுதான் திரிந்தார்கள்" என்று ஒரு முடிவோடு வீட்டுக்குப் போவார்கள்.

சரியான வரிசை இது: சில வாரங்களுக்கு முன்பே சாம்பல் சேர்க்க வேண்டும். அதோடு மழைநீர் பிடித்து வைக்க வேண்டும். பிறகு லினன் தைக்கவோ வாங்கவோ வேண்டும். துவைக்கும் தொட்டியை ஒருமுறை வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் சோப்பையும் ஷவரையும் விட வேண்டும். துவைக்க வழி இல்லாமல் உடம்பு வேலையைத் தொடங்குவதில் அர்த்தமே இல்லை.

மாதத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசிக்கு முன் தொடங்கினால் துணி வெளுக்க வெயில் கிடைக்காது.

2. என்னென்ன வேண்டும்

ஆளுக்குக் குறைந்தது மூன்று லினன் சட்டை. உடம்பில் ஒன்று, பெட்டியில் ஒன்று, அழுக்குக் கூடையில் ஒன்று. ஆண்களுக்குத் தொடை வரை வரும் சட்டை, பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஸ்மாக். நாள்தோறும் மாற்ற ஆசையென்றால் ஆறோ ஏழோ வேண்டும். அன்று பணக்காரர்கள்தான் அப்படி மாற்றினார்கள்.

தலையை மூடும் லினன் தொப்பி இரண்டு. உடம்பு தேய்க்க முரட்டு லினன் துணி நாளுக்கு இரண்டு. முகம், கை துடைக்கத் தனித் துண்டு. பல்லுக்குச் சின்னத் துணி.

லினன் என்று கடையில் விற்பதையெல்லாம் நம்பாதீர்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் லினனாகவோ பருத்தியாகவோ இருக்கும். உருகி முத்துப்போல் இறுகினால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. அது வியர்வையை உறிஞ்சாது, நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணி அசலாக இருந்தாலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருப்பதுண்டு, அதையும் பாருங்கள். இரும்புக் கொக்கி இருந்தால் பிரித்துவிட்டு நாடா வைத்துக் கட்டுங்கள். துருக்கறையைச் சாம்பல் நீர் எடுக்காது.

துவைக்க: அடியில் குழாய் வைத்த மரத்தொட்டி, அதை உயர்த்தி வைக்க முக்காலி, வடிகிற நீரைப் பிடிக்க இன்னொரு தொட்டி, தண்ணீர் சுட வைக்க இரும்பு அல்லது எவர்சில்வர் கொப்பரை. அலுமினியம் வேண்டவே வேண்டாம், சாம்பல் நீர் அதை அரிக்கும். துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. மரத்தொட்டி கிடைக்காவிட்டால் வெந்நீர் தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக் தொட்டி போதும், பார்க்கத்தான் அழகாக இருக்காது.

ரப்பர் கையுறையும் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் டியூடர் காலத்தில் இல்லைதான். ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் நீர் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும்.

3. சாம்பல் நீர் எடுப்பது

இந்த வேலை சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சுலபம். கெட்டால் எதுவும் சரியாக வராது.

ஓக், ஆஷ், பீச், ஆப்பிள் போன்ற கெட்டி மர விறகின் சாம்பல் வேண்டும். பைன் மாதிரிப் பிசின் மரங்களில் காரம் குறைவு, கறையும் படும். பார்பிக்யூ கரிக்கட்டி, நிலக்கரி, சாயம் பூசிய பலகை இவற்றின் சாம்பல் கூடவே கூடாது. சாம்பல் வெள்ளையாக, மாவு போல இருக்க வேண்டும். கறுப்புக் கரித்துண்டுகள் இருந்தால் சலித்து எடுத்துவிடுங்கள். கரி கலந்தால் நீர் பழுப்பாக இறங்கும், துணியும் பழுப்பாகும்.

அடியில் ஓட்டை போட்ட ஒரு வாளியில் முதலில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஒரு பழந்துணி போடுங்கள். சாம்பலைக் கொட்டும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கையால் பிசறிக்கொள்ள வேண்டும், கையுறையோடுதான். கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிவிடும் படி இது. காய்ந்த சாம்பலில் தண்ணீர் ஊற்றினால் அது ஒரே இடத்தில் துளை போட்டுக்கொண்டு நேராகக் கீழே ஓடிவிடும். ஈரமான சாம்பல் அடங்கி உட்காரும், தண்ணீர் எல்லா இடத்திலும் ஊறி மெதுவாக இறங்கும்.

ஊற்றுவது மழைநீராக இருக்கட்டும். லண்டனைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறை என்பதால் அங்கே குழாய்நீர் கடினமானது. அந்தச் சுண்ணாம்பு, சாம்பலில் உள்ள காரத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சம் வெள்ளைப் பொடியாகத் துணியில் படியும்.

நீர் சொட்டுச் சொட்டாக இறங்கட்டும், ஓர் இரவு ஆனாலும் பரவாயில்லை. முதலில் வருவது காட்டமாக இருக்கும், போகப்போக நீர்த்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துக் கலக்குங்கள். நிறம் வைக்கோல் மஞ்சளாக இருந்தால் நல்லது. கையுறை விரல்களுக்கு நடுவே வழவழவென்று வழுக்க வேண்டும். கார-அமிலத் தாள் (pH தாள்) இருந்தால் 10-க்கும் 11-க்கும் இடையில் காட்டினால் போதும். ஒரு கோழி இறகைப் போட்டுப் பார்க்கலாம்: இறகு கரையத் தொடங்கினால் அது சோப்பு காய்ச்சும் அளவுக்குக் காட்டமாகிவிட்டது, தண்ணீர் சேர்த்துத் தணியுங்கள்.

இறகைக் கரைப்பது கம்பளியையும் பட்டையும் கரைக்கும். அதனால் இந்தத் தொட்டிக்குள் லினனும் சணல் துணியும் மட்டுமே போகலாம். கழுத்துப்பட்டியில் கறுப்புப் பட்டு நூலால் பூவேலை செய்திருந்தால் அந்தப் பட்டியைப் பிரித்தெடுத்து, இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டுத் தனியாகக் கசக்குங்கள்.

4. காலையில் உடம்பு

எழுந்தவுடன், இரவுச் சட்டையைக் கழற்றிவிட்டு, காய்ந்த முரட்டு லினனால் உடம்பைத் தேய்க்க வேண்டும். தாமஸ் எலியட் 1530-களில் எழுதிய உடல்நல நூலில் முறையைச் சொல்கிறார்: முதலில் மெதுவாக, பிறகு வேகத்தையும் அழுத்தத்தையும் கூட்டி, தோல் லேசாகச் சிவக்கும் வரை. கையிலிருந்து தொடங்கி, கழுத்து, மார்பு, முதுகு, கால் என்று போங்கள். அக்குளையும் அரையையும் கடைசியில் வேறு துணியால் தேயுங்கள். ஒரே துணியை எல்லா இடத்துக்கும் ஓட்டினால் நாற்றத்தை உடம்பு முழுக்கப் பரப்பியதுதான் மிச்சம்.

துணியை நனைக்காதீர்கள். ஈரத்துணி பிசுக்கை இழுப்பதற்குப் பதில் வழித்துக்கொண்டு போகும். தேய்த்த துணியை அன்றே அழுக்குக் கூடையில் போட்டுவிடுங்கள். மறுநாள் அதையே எடுக்கிறவர்கள்தான் மூன்றாம் நாள் சொறிகிறார்கள்.

தேய்த்து முடித்ததும் சட்டை, மாற்றும் நாளானால் சுத்தமானது. அதற்குப் பிறகு முகம், கை, மணிக்கட்டு. இவற்றைத் தண்ணீரிலேயே கழுவலாம். ஆண்ட்ரூ போர்டு என்ற மருத்துவர் 1542-இல் குளிர்ந்த நீரால் கழுவச் சொல்கிறார். சாப்பிடும் முன்னும் பின்னும் கை கழுவுவது கட்டாய மரியாதை. கூஜாவிலிருந்து ஒருவர் ஊற்ற, கீழே தாம்பாளத்தில் நீர் விழ வேண்டும். தேங்கிய நீரில் கையைத் தோய்த்து எடுப்பதைவிட ஓடும் நீர் நல்லது என்பதால் முகாமிலும் இப்படியே செய்யுங்கள்.

சட்டையின் மணிக்கட்டும் கழுத்தும் தெரியும்படி விடுவது பகட்டு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவை எவ்வளவு அழுக்காகியிருக்கின்றன என்று பார்த்தாலே உள்ளே என்ன நிலைமை என்று தெரிந்துவிடும். மாற்றும் நேரத்தை அதை வைத்து முடிவு செய்யலாம்.

5. தலை

தண்ணீர் ஊற்றாமல் சீப்பால் சுத்தம் செய்ய வேண்டும். பாக்ஸ் மரத்தில் செய்த இரட்டைச் சீப்பு கிடைத்தால் வாங்குங்கள்: ஒரு பக்கம் அகலமான பல், மறுபக்கம் பேன்சீப்பு மாதிரி நெருங்கிய பல். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து இப்படிப்பட்ட சீப்புகள் 80-க்கும் மேல் கிடைத்தன. சிலவற்றின் பல்லிடுக்கில் பேன்கூட மிச்சமிருந்தது. ஒரே கப்பலில் இத்தனை சீப்பு என்றால் அது எவ்வளவு அவசியப் பொருள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகலப் பல்லால் சிக்கு எடுங்கள். பிறகு நெருங்கிய பல்லை உச்சந்தலையில் ஒட்டி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை ஒரு துணியில் துடையுங்கள். துடைக்காமல் வாரினால் வழித்த பிசுக்கு மறுபடி தலைக்கே போகும். எடுத்தவுடன் நெருங்கிய பக்கத்தை ஓட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. முடியும் அறுந்து, சீப்பின் பல்லும் உடையும்.

காலையும் இரவும் வாரிப் பின்னிக்கொண்டு, லினன் தொப்பி போடுங்கள். சட்டை உடம்புக்குச் செய்வதை அது தலைக்குச் செய்கிறது. ஷாம்பூவுக்குப் பழகிய தலை முதல் சில நாட்கள் பிசுபிசுக்கும், அதற்குள் பயந்து அலச வேண்டாம். நெற்றி ஓரம் மட்டும் துடைத்துக்கொண்டு வாருவதைக் கூட்டுங்கள்.

6. பல்

சின்ன லினன் துணியை விரலில் சுற்றி, ஈரப்படுத்தி, உப்புத்தூளைத் தொட்டுத் தேயுங்கள். 1525-இல் லண்டனில் அச்சான மூலிகை நூல் ஒன்று ரோஸ்மேரிக் கட்டையை எரித்துக் கரியாக்கி, பொடித்து, லினனில் வைத்துத் தேய்க்கச் சொல்கிறது. செய்து பார்க்கலாம், ஆனால் வழுவழுப்பாக அரைத்த பொடியாக, வாரத்தில் ஒருமுறை போதும். கரகரப்பான பொடி பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். அடுப்புப் புகைக்கரியை எடுக்க வேண்டாம்.

இடுக்குகளுக்குப் பல்குத்தி. கடைசியில் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

அந்த வாரம் சர்க்கரையை விட்டுவிடுங்கள். 1598-இல் எலிசபெத் அரசியைப் பார்த்த பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மன் பயணி, அரசியின் பல் கறுத்திருந்ததை எழுதிவைத்துவிட்டு, சர்க்கரையை அளவுமீறித் தின்பதால் ஆங்கிலேயர்களுக்கு வரும் குறை இது என்கிறார். இந்தத் துணியும் உப்பும் சர்க்கரை இல்லாத வாய்க்குத்தான் தாங்கும்.

7. பானை

இரண்டு பாத்திரம் வையுங்கள், மூடியோடு. சிறுநீருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. நாற்றம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா உண்டாகும், அது பிசுக்குக் கறையை எடுக்கும். டியூடர் வீட்டில் அது துவைக்கும் சரக்கு. முகாமில் அதற்கு மனம் வராவிட்டால் கடையில் கிடைக்கும் அம்மோனியா நீரை நன்றாக நீர்க்கவிட்டுப் பயன்படுத்துங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எதுவானாலும் இன்றைய ப்ளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

துடைக்கப் பழைய லினன் கந்தல். அதைச் சட்டைகளோடு சேர்க்காமல் தனியே கொதிக்க வையுங்கள்.

வாசலில் கொட்டுவது அன்றும் குற்றம். ஸ்ட்ராட்ஃபோர்டில் 1552-இல் தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக ஜான் ஷேக்ஸ்பியர் அபராதம் கட்டினார், நாடகக்காரர் ஷேக்ஸ்பியரின் அப்பாதான். நகரத்தில் கழிவுக்குழிகளை அள்ளுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், இரவில் வருவார்கள். உங்கள் முகாமில் அந்த வேலை யாருடையது என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். ஜான் ஹாரிங்டன் 1596-இல் தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறையைப் பற்றிப் புத்தகமே எழுதினார் என்பது உண்மை. அது ஊர் வீடுகளுக்கு வந்து சேரவில்லை, ஆகவே உங்களுக்கும் கிடையாது.

8. துவைப்பதற்கு முந்தைய நாள்: பிரித்து ஊறப்போடுவது

எல்லாவற்றையும் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். குளிர்ந்த நீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வியர்வை, இரத்தம், பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் அது நூலோடு இறுகிக்கொள்ளும், பிறகு எந்தக் காரமும் அசைக்காது.

காலையில் பிழிந்து, கறையைத் தனித்தனியே பாருங்கள். கழுத்துப்பட்டியின் மஞ்சள் வளையத்தில் மென்மையான பொட்டாஷ் சோப்பைத் தடவுங்கள். அந்தக் காலத்தில் கறுப்புச் சோப்பு என்று விற்றது இந்த வகைதான். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளைக் கட்டிச் சோப்பு விலை கூடியது, அதை மென்மையான துணிக்கும் முகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கறைக்கு நாள்பட்ட சிறுநீரோ அம்மோனியாவோ தொட்டு வையுங்கள்.

9. தொட்டி அடுக்குவது

அடியில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் துணி குழாயை அடைத்து, மேலே ஊற்றியது மேலேயே நிற்கும். மிக அழுக்கானது கீழே, முகத்துண்டும் தொப்பியும் மேலே. நீர் மேலிருந்து கீழே இறங்குவதால் அழுக்கும் அந்தத் திசையில்தான் போகும்.

தளர்வாக மடித்து அடுக்குங்கள். அமுக்கித் திணித்தால் நடுவில் உலர்ந்த கட்டி ஒன்று நின்றுவிடும். இரண்டு மூன்று அடுக்குக்கு ஒருமுறை குச்சிகளை இடையில் வையுங்கள். கடைசியில் பெரிய முரட்டுத் துணியால் தொட்டியின் வாயை மூடி, ஓரங்களைத் தொங்கவிடுங்கள். சாம்பல் தூசி எஞ்சியிருந்தால் அது இந்தத் துணியில் தங்கும்.

10. ஊற்றுவது

நம்மூரில் வெள்ளாவி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். வெள்ளாவியில் உவர்மண் நீரில் தோய்த்த துணியை அடுக்கிவிட்டு, கீழே தீ மூட்டினால் ஆவி மேலே ஏறி வேலையைச் செய்யும். இங்கே தொட்டிக்குக் கீழே தீயே கிடையாது. கொப்பரை தனியாக நிற்கும், சுட்ட நீரை நாம் சுமந்து வந்து மேலே ஊற்ற வேண்டும். ஒரு முகாமில் புதிதாக வந்த தமிழ்ப் பையன் கொப்பரை கொதிப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்படியே ஊத்திடவா? சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று தூக்கிக்கொண்டு வந்தான். தொட்டி பக்கத்தில் நின்ற அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொதல்ல வெதுவெதுன்னு ஊத்துடா. கொதிக்கிறது கடைசிலதான்."

அவள் சொன்னதுதான் முறை. முதல் சுற்று வெதுவெதுப்பான சாம்பல் நீர். குழாயைத் திறந்துவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். வடிந்ததைப் பிடித்துக் கொப்பரையில் கொட்டி, கொஞ்சம் கூடச் சுட வைத்து மறுபடி ஊற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சூடாக. கடைசிச் சுற்றுகள்தான் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகலாம்.

என்ன நடக்கிறது என்பதைக் குழாயில் வருவதைப் பார்த்தே சொல்லலாம். முதல் சுற்றில் வெளிர் மஞ்சளாகப் போன நீர் கலங்கலாகத் திரும்பி வரும். நடுவில் ஒரு கட்டத்தில் குழாயடியில் மெல்லிய நுரை சேரும், அதுவரை வழுவழுப்பு மட்டும் இருந்த நீர் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகும். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறுகிறது. உங்கள் அழுக்கிலிருந்தே சோப்பு கிடைக்கிறது, அதனால்தான் இவ்வளவு பெரிய துவைப்புக்கும் விலை கொடுத்து வாங்கிய சோப்பு கொஞ்சமே போதுமாயிற்று. நுரை வந்த பிறகு சூட்டைத் தைரியமாகக் கூட்டலாம்.

நீர் கரும்பழுப்பாகி, நாற்றமும் வந்துவிட்டால் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள். புதுச் சாம்பல் நீருக்கு மாறுங்கள். ஒரே நீரைப் பிடிவாதமாகச் சுற்றவிட்டால் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகும்.

எப்போது நிறுத்துவது? கீழே வடிகிற நீர், மேலே ஊற்றுகிற நீரைப் போலவே சூடாக இறங்கும்போது. அடுக்கின் நடுவரை சூடு போய்விட்டது என்று அர்த்தம். பாதி நாள் இதற்கே போகும், இருவர் இருந்தால் நல்லது. முடிந்ததும் மூடிவிட்டு, தானே ஆறட்டும் என்று விட்டுவிடுங்கள். வடித்த பழைய நீரைத் தரை தேய்க்க வைத்துக்கொள்ளலாம். ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள், மீன் செத்துப்போகும். நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.

11. அடித்து அலசுவது

சாம்பல் நீர் பிரித்துவிட்ட அழுக்கு இன்னும் துணிக்குள்தான் இருக்கிறது. அதை வெளியேற்ற அடிக்க வேண்டும். நனைத்து, மடித்து, பலகையில் வைத்துத் தட்டையான கட்டையால் தட்டுங்கள். ஓங்கி அறைய வேண்டியதில்லை, பிழிந்து தள்ளுகிற மாதிரித் தட்டினால் போதும். தையல் ஓரத்திலும் நாடா முடிச்சிலும் தட்டினால் அங்கேதான் முதலில் கிழியும்.

அலசுவதில் சோம்பல்படாதீர்கள். வழுவழுப்பு முற்றிலும் போக வேண்டும். கார-அமிலத் தாள் கடைசி அலசல் நீரிலும் வெறும் தண்ணீரிலும் ஒரே நிறம் காட்ட வேண்டும். காரம் மிஞ்சினால் சட்டை விறைக்கும், மஞ்சளாகும், வியர்வை பட்டதும் கழுத்து எரியும்.

12. புல்லில் விரிப்பது

துணியை ஈரம் காயும் முன்பே, கட்டையாக வெட்டிவிட்ட புல்தரைமேல் தட்டையாக விரியுங்கள். காய்ந்துகொண்டே வரும்போது தண்ணீர் தெளியுங்கள், திருப்பிப் போடுங்கள், மறுபடி தெளியுங்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்திருக்கும்போதுதான் மஞ்சள் வெளுக்கும். கொடியில் போட்டால் காயும், ஆனால் இந்த அளவு வெளுக்காது. 1559-ஐ ஒட்டி வரைந்த லண்டன் வரைபடத்தில் நகர மதிலுக்கு வெளியே மூர்ஃபீல்ட்ஸ் திடலில் பெண்கள் துணி விரிப்பதைப் பார்க்கலாம். ஊருக்குள் அவ்வளவு புல் ஏது?

இடம் இல்லாவிட்டால் லாவெண்டர், ரோஸ்மேரி புதர்மேல் போடலாம், வாசனையும் ஏறும். முள்வேலி கிளிப் இல்லாமலே பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போதுதான் இழுக்காமல் எடுக்க வேண்டும். விரித்துவிட்டு ஓர் ஆளை உட்கார வையுங்கள். அன்று வேலியில் காயும் துணியைக் கொக்கிக் கழியால் இழுத்துக்கொண்டு போகும் திருடர்கள் இருந்தார்கள். இன்று நாய்கள் இருக்கின்றன.

13. கஞ்சி, பெட்டி, மேலாடை

கஞ்சி, கழுத்துமடிப்பு (கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் மடிப்புப் பட்டி) வைத்தவர்களுக்கு மட்டும். 1564-இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து லண்டனுக்கு வந்த டிங்கன் வான் டென் பிளாஸ் என்ற பெண் காசு வாங்கிக்கொண்டு கஞ்சி போடக் கற்றுக்கொடுத்தார். நீங்கள் கோதுமை மாவுக் கஞ்சியைப் பயன்படுத்துங்கள். குக்கூ பின்ட் என்ற காட்டுக்கிழங்கில் எடுத்த கஞ்சி மிக வெள்ளையானது, ஆனால் வெளுக்கும் பெண்களின் கையை வெடிக்கவும் கொப்பளிக்கவும் வைக்கும் என்று ஜான் ஜெரார்டு 1597-இலேயே எழுதியிருக்கிறார்.

முழுக்கக் காய்ந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்து, நடுவில் லாவெண்டரோ ஐரிஸ் வேர்ப்பொடியோ வையுங்கள். பொடியை ஒரு சின்னப் பையில் கட்டி வைக்க வேண்டும், நேராகத் தூவினால் கறை படும்.

கம்பளி மேலாடையை நனைக்காதீர்கள். தூரிகையால் தட்டி, வெளிக்காற்றில் தொங்கவிடுங்கள். எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் முல்தானி மட்டியைக் குழைத்துத் தடவி, காய்ந்ததும் துலக்கிவிடுங்கள். அதே மாதிரி மண்ணைத்தான் அவர்களும் பயன்படுத்தினார்கள்.

14. எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க

சட்டை முழுக்க லேசான பழுப்பு: சாம்பலில் கரி இருந்தது, அல்லது ஒரே நீரை அதிகம் சுற்றவிட்டீர்கள். புதுச் சாம்பல் நீரில் மீண்டும் ஒருமுறை, பிறகு நாள் முழுக்கப் புல்லில்.

கழுத்து வளையம் மட்டும் போகவில்லை: ஊறப்போட்டது வெந்நீரில். இனி வெயிலை மட்டுமே நம்ப வேண்டும், பல நாள் ஆகும்.

வெள்ளைப் பொடி ஒட்டுகிறது, துணி சொரசொரக்கிறது: கடின நீர். மழைநீரில் அலசுங்கள்.

துவைத்த சட்டை போட்ட ஒரு மணி நேரத்திலேயே நாறுகிறது: நூலை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

துணி சுத்தம், ஆனால் ஆள் நாறுகிறார்: காலையில் தேய்க்கவில்லை, அல்லது ஒரே தேய்ப்புத் துணியை வாரம் முழுக்க வைத்திருக்கிறார். கூடையை எண்ணிப் பாருங்கள், ஏழு நாளுக்கு எத்தனை துணி விழுந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.